மெழுகு வாங்கிக் கொடுத்த நிலம்

என்னிடம் படம் வரையக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் மெழுகால் மூடிச் சாயமேற்றிய ஒரு பத்திக் துணியைத்தான் விரிப்பேன். அந்த ஊருக்கு மண் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

1960களின் தொடக்கத்தில் சென்னை அரசு ஓவியப் பள்ளிக்கு கே.சி.எஸ். பணிக்கர் முதல்வர். அங்கே படித்து வெளியே வந்தவர்களுக்கு ஓவியத்தை மட்டும் நம்பி வயிறு கழுவ வழியில்லை. படம் வாங்க ஆளே கிடையாது. பணிக்கரும் மாணவர்களும் ஒரு கைவினைச் சங்கம் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் கைத்தொழில், மிச்சப் பொழுது சொந்த ஓவியம் என்பது ஏற்பாடு. தோல், பீங்கான், உலோகம் எல்லாம் செய்தார்கள். நன்றாக விற்றது பத்திக். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் இடம் வாங்கினார்கள்.

பத்திக்கின் தாய்வீடு ஜாவா. 1927இல் தாகூர் அங்கே போய் வந்த பிறகு அவருடைய சாந்திநிகேதன் பள்ளியில் அது வேர்விட்டது. ஜாவாப் பெண்கள் மூக்கு வைத்த சின்னச் செப்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை மொண்டு, கோடு கோடாக ஒழுகவிட்டு வரைவார்கள். நுணுக்கமான ஒரு துணி முடிய மாதக்கணக்காகும். மெழுகில் விரிசல் விழுந்தால் அங்கே அது குறை. நம் ஓவியர்களுக்கோ அந்த விரிசல்தான் அழகு.

விரிசலைக் கலவைதான் தீர்மானிக்கிறது. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரஃபின் நொறுங்கும். பாரஃபினைக் கூட்டிப் போட்டுத் துணியைக் கசக்கினால், சாயம் அந்தக் கீறல்களுக்குள் புகுந்து வேர்போல ஓடும். சூடு பட்டால் மெழுகு இளகிவிடும் என்பதால் சாயத்தொட்டி ஆறியிருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது நாப்தால் சாயம். முதல் தொட்டியில் துணியில் நிறமே தெரியாது. கலர் உப்புத் தொட்டியில் இறக்கியதும் சட்டெனச் சிவப்பு எழும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் பிள்ளைகள் கத்துவார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி, அதை மெழுகால் மூடி, அடுத்த நிறம், பிறகு இன்னும் கருமையானது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுக்க வேண்டும். இடையில் மாற்ற எண்ணினால் முடியாது. அதனால்தான் ஓவியம் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை என்று நினைக்கிறேன்.

மெழுகு நம் பக்கத்துக்கும் அந்நியமில்லை. மதுரைச் சுங்குடியில் முடிச்சு போடுவதோடு, மரக்கட்டை அச்சை மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றும் வேலையும் உண்டு.

பின்னாளில் சோழமண்டலத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் பெயர் பெற்றன. அவற்றைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. அவற்றில் பத்திக்கை வயிற்றுப்பாட்டு வேலை என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. அதே கைதான் அதையும் வரைந்தது. விற்ற துணிகள் திரைச்சீலையாகவும் மேஜை விரிப்பாகவும் தேய்ந்து போயின.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்துப் பத்திக் ஒன்று கிடந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மடித்தும் வைக்காதீர்கள், மடித்த இடத்தில் நூல் அறும். பழைய வேட்டித்துணி சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். யார் வாங்கியது, எந்த வருஷம், எங்கே என்று ஒரு தாளில் எழுதி அதோடு போட்டு வையுங்கள்.