சட்டாம்பிள்ளையும் நாமும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவிக்குக் கீழே சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன்தான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், பிரம்பும் பிடிப்பான். 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மாணவனுக்கு மாணவனே ஆசிரியன் என்றொரு முறையை நடத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று பேர் வாங்கியது.

பெருமைதான். ஆனால் அந்த ஊர்த்திண்ணையில் சேரிப்பிள்ளைக்கு இடமிருந்ததா? கர்னல் ஆல்காட் அடையாற்றில் நமக்கென்று பள்ளி திறந்ததே 1894இல்.

அழகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன். வகுப்பாசிரியர் என் பாடக்குறிப்பைத் திறக்கவே இல்லை. "எந்த ஊரு, எந்தத் தெரு?"ன்னு கேட்டார். மறுநாள் கையில் தந்தது கரும்பலகை துடைக்கிற துணி.

அண்ணாவி தன் சட்டாம்பிள்ளையை நம்பிப் பிரம்பையே கொடுத்தார். எங்களுக்குப் பிரம்பு வேண்டாம், சாக்பீஸைக் கொடுங்க.