காளானுக்கு ஒரு ராத்திரி

போன வாரம் சென்னையில இருந்து எங்க அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, சிப்பிக்காளான் பாக்கெட்டுக்குள்ள வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சு கெடக்கு, மருந்து கிருந்து அடிச்சிருப்பாங்களா?" மருந்தெல்லாம் இல்லை மாப்ளே, அது காளான் விட்ட வித்துத்தூள். முந்தின நாளே பறிச்சிருக்கணும், விட்டுட்டாங்கன்னேன். அந்த ஒரு நாளுக்குப் பின்னால ஒரு பழைய கதையே இருக்குங்க.

காளான் சமாச்சாரம் நம்ம ஊருக்குப் புதுசில்லை. பழைய பேரு ஆம்பி. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, பல நாளாக மூட்டாத அடுப்பில் காளான் முளைத்திருப்பதைச் சொல்கிறார். எங்க வீட்டில் இன்னிக்கு அடுப்பு எரியறதே காளானால்தான், அது வேற விஷயம்.

சின்ன வயசில் இடி மழை பெய்த மறுநாள் விடியறதுக்குள்ள அப்புச்சி என்னைக் கிளப்பிடுவார். கறையான் புத்துப் பக்கம் புத்துக்காளான் தேடிப் போவோம். மொக்காக இருப்பதைத்தான் எடுப்பார். குடை விரிஞ்சதைத் தொடமாட்டார், அதுல புழு வெச்சிருக்கும்பார். வெய்யில் ஏறினா அன்னிக்குப் பாடு முடிஞ்சது. பறிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்குங்கறதை நான் படிச்ச முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

வளர்த்து எடுக்கிற வேலையை முறையாக ஆரம்பிச்சதும் நம்ம கோயம்புத்தூர்தான். 1943-ல், அப்போ மதராஸ் மாகாணம், கே.எம். தாமஸும் உடனிருந்தவர்களும் வைக்கோல் காளான் வளர்ப்பை எழுதி வெளியிட்டாங்க. வேளாண் கல்லூரி பல்கலைக்கழகம் ஆனதே 1971-ல், அதுக்கு எவ்வளவோ முன்னாடி. அப்படியிருந்தும் அந்தக் காளான் நம்ம சந்தையைப் பிடிக்கலை. வளர்க்கத் தெரியாததை விட, பறிப்புதான் காரணம்னு நான் நினைக்கிறேன். வைக்கோல் காளானை முட்டை வடிவில், மேல் உறை கிழியறதுக்கு முன்னாடி எடுக்கணும். காலையில முட்டையா இருக்கிறது சாயங்காலம் குடையா நிக்கும். நாளைக்கு ரெண்டு தடவை பறிக்கணும். ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சா தண்ணி விட்டு நொந்து போகும். பஸ்ஸு ஏத்தி ஊருக்கு அனுப்ப முடியாத சரக்கை எந்த வியாபாரி எடுப்பான்?

சிப்பிக்காளான் பிறகு வந்தது. 1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் இதை வைக்கோலில் வளர்த்துக் காட்டினாங்க. நமக்கு வைக்கோலுக்கா பஞ்சம்? வைக்கோலை ஊறவெச்சு, வேகவெச்சு, பாலித்தீன் பையில் விதையும் வைக்கோலுமா அடுக்கினா, மூணு வாரம் கழிச்சு மொட்டு வரும். மொட்டு தெரிஞ்ச மூணாம் நாள் பறிக்கலாம். ஓரம் கொஞ்சம் உள்பக்கம் மடங்கியே இருக்கணும். ஓரம் தட்டையாகி மேலே சுருண்டா நேரம் தப்பிடுச்சு. பறிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கக் கூடாது. கொத்தோட அடியைப் பிடிச்சு லேசாத் திருகி, சின்னது பெருசு பார்க்காம மொத்தமா எடுக்கணும். கத்தியால வெட்டினா அடிக்கட்டை பையிலேயே நின்னு அழுகி ஈ வரும். அடுத்த அறுப்பு போச்சு.

இவ்வளவும் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தாங்க. நான்தான் கேக்கலை. ஆரம்பிச்ச ரெண்டாம் வருஷம், ஒரு கல்யாணத்துக்கு ஆர்டர். காளான் வெள்ளிக்கிழமையே தயார். எங்க வீட்டுல, "ஏனுங்க, இன்னிக்கே பறிச்சுப் போடலாங்களே"ன்னா. இன்னொரு ராத்திரி விட்டா எடை கூடும்னு நான் விட்டேன். எடை கூடத்தான் செஞ்சது. காலையில குடிசைக்குள்ள போனா புகை போட்ட மாதிரி வெள்ளைத் தூள் மிதக்குது. அவ வாயை முந்தானையில பொத்திக்கிட்டு முழுசும் பறிச்சா. மண்டபத்துக்காரர் ஓரம் கிழிஞ்ச காளானைப் பார்த்துப் பாதியைத் திருப்பி அனுப்பிட்டார். தப்பு அவர் மேல இல்லை.

பணம் போனது பெரிசில்லை. அவளுக்கு அன்னிக்குப் பிடிச்ச இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் குடிசைக்குள்ள போனாப் போதும், திரும்பத் திரும்ப வந்துது. டாக்டர் தூள்தான் காரணம்னார். ஐரோப்பாவில் பறிக்கிறவங்க நுரையீரலுக்குப் பயந்து வித்துத்தூள் விடாத சிப்பி ரகத்தையே தேடி உண்டாக்கினாங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் பால்காளானுக்கு மாறினேன். 1974-ல் மேற்கு வங்கத்துக்காரங்க இதை எழுதி வெச்சாங்க. 1998-ல் நம்ம பல்கலைக்கழகம் ஏபிகே 2-ன்னு ரகம் விட்டுது. ஏபிகேன்னா அருப்புக்கோட்டை. அந்த ஊர் வெய்யில் தெரிஞ்சவங்களுக்குப் புரியும், இது 30 டிகிரிக்கு மேலயும் சலிக்காம வரும். பறிச்சு ரெண்டு மூணு நாள் வெளியில வெச்சாலும் கெடாது. சிப்பி மாதிரி விரட்டாது. ஆனா இதுலயும் குடை தட்டையாக விடக் கூடாது. மேல்மண்ணுல இருந்து திருகி எடுத்து, குழி விழுந்த இடத்தை மூடிடணும்.

சிப்பி நாலு வரிசை இன்னமும் வெச்சிருக்கேன், பழகின வாடிக்கைக்காரங்களுக்காக. விடியக்காலம் நாலரை மணிக்கு டார்ச்சு எடுத்துக்கிட்டு அந்தக் குடிசைக்கு நான் மட்டும்தான் போறேன், மாஸ்க் போட்டுக்கிட்டு. அவ வெளியில தராசோட உட்கார்ந்திருப்பா.