இரவலாய் வந்த நட்சத்திரம்

நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், கூடத்துச் சுவரின் மேற்புறத்தே மாலை சூட்டிய பழைய புகைப்படம் ஒன்று தொங்கக் காணலாம். சரிகைத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் தரித்த முன்னோர் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருப்பார். அவர் மார்பில் ஒரு பதக்கம் விளங்கும். படத்தின் அடியில் ராவ் சாகிப் என்றோ ராவ் பகதூர் என்றோ பெயரோடு பட்டமும் எழுதப்பட்டிருக்கும். அவ்வீட்டுப் பிள்ளைகளை நோக்கி, "இப்பெரியார் யாது செய்து இதனைப் பெற்றார்?" என்று வினவினால், பெரும்பாலும் மறுமொழி கிடைப்பதில்லை. பட்டம் நினைவிலிருக்கிறது, செய்கை மறந்துபோயிற்று. இக்குறையை எண்ணியே, ஆங்கிலேய ஏகாதிபத்தியம் நம் நாட்டில் வழங்கிய விருதுகளின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சுருங்க எடுத்துரைக்கத் துணிந்தேன்.

இவ்விருதுகளுள் மிகவும் பழையது அரசர்க்கென ஏற்பட்டதன்று, சிப்பாய்களுக்கென ஏற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1837-ஆம் ஆண்டில், போர்க்களத்தில் வீரச்செயல் புரிந்த இந்தியப் படைவீரர்க்காகத் தகுதி விருது ஒன்றை நிறுவினர். எண்முனை கொண்ட நட்சத்திரமும், ஓரங்களிற் செந்நிறம் ஓடிய கருநீல நாடாவும் அதன் சின்னங்கள். அது மூன்று வகுப்பினது. மூன்றாம் வகுப்புப் பெற்றவனுக்குச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கும், இரண்டாம் வகுப்பினனுக்கு மூன்றில் இரண்டு பங்கும், முதல் வகுப்பினனுக்கு முழுச் சம்பள அளவும் மிகையாகக் கிடைக்கும். அவன் இறப்பின் மனைவிக்கும் சில ஆண்டு உதவிப்பணம் உண்டு. 1902-இல் இவ்விருதுக்கு 'இந்தியன் ஆர்டர் ஆப் மெரிட்' என்ற பெயர் வழங்கலாயிற்று. 1897-இல் சாராகடி என்னும் எல்லைக் காவற்சாவடியில் கடைசிவரை பொருது மடிந்த இருபத்தொரு சீக்கியர்க்கும் இவ்விருதே அளிக்கப்பட்டது. அந்நியர் சேவையில் நேர்ந்ததாயினும், இவ்விருது ஒரு குறித்த செய்கைக்கு ஈடாக வந்தது. பெற்றவன் வீட்டு அடுப்பும் அதனால் எரிந்தது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்வாராக.

1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின் நிலைமை மாறிற்று. கம்பெனி ஆட்சி நீங்கி, 1858 நவம்பர் 1-ஆம் நாள் விக்டோரியா மகாராணியாரின் அறிக்கை அலகாபாத்தில் வாசிக்கப்பட்டது. சுதேச மன்னர்களை வாளால் அடக்குவதைக் காட்டிலும் கௌரவத்தாற் பிணைப்பது நலமென்று துரைத்தனத்தார் கருதினர். அக்கருத்தின் பயனாக 1861-இல் இந்திய நட்சத்திர விருது பிறந்தது. அவ்வாண்டு அதே நவம்பர் முதல் நாளில், அதே அலகாபாத்தில், ராஜப்பிரதிநிதி கானிங் பிரபு முதல் விருதுகளைச் சூட்டினார். குவாலியர் சிந்தியாவும், பாட்டியாலா மன்னரும், போபால் அரசி சிக்கந்தர் பேகமும் அன்று பெற்றோருட் சிலர். முதலில் இருபத்தைந்து பேருக்கே இடமிருந்தது. 1866-இல் மூன்று வகுப்பாக விரிந்து, ஜி.சி.எஸ்.ஐ., கே.சி.எஸ்.ஐ., சி.எஸ்.ஐ. என்னும் எழுத்துக்கள் பெயர்க்குப் பின்னே வழங்கலாயின. ராஜப்பிரதிநிதியாக வருபவர் எவரோ அவரே அவ்விருதின் தலைமைப் பீடத்தையும் வகிப்பவர் என்பது விதி.

அதன் சின்னங்களை அமைத்தவர் மிக்க யோசனையுடன் அமைத்தனர். ஐரோப்பிய விருதுகள் பெரும்பாலும் சிலுவை வடிவின. ஹிந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் அணியவேண்டியதில் சிலுவை பொருந்தாதாகையால், எம்மதத்தார்க்கும் பொதுவான விண்மீனைத் தெரிந்துகொண்டனர். 'விண்ணொளியே எமக்கு வழிகாட்டி' என்பது அதிற் பொறித்த வாசகத்தின் பொருள். வெண்கரையிட்ட வானீலப் பட்டுநாடா. வெண்பட்டு உள்வைத்துத் தைத்த இளநீல மேலங்கி. கல்லிற் செதுக்கிய மகாராணியின் பக்கமுகம் தாங்கிய பதக்கம். இவற்றோடு பொன்னாலான கழுத்தாரம் ஒன்று. அவ்வாரத்தில் நம் நாட்டுத் தாமரையும், இங்கிலாந்தின் சிவப்பும் வெண்மையுமான ரோஜாவும், பனையோலைக் கொத்தும் மாறிமாறிக் கோக்கப்பட்டு, நடுவே மணிமுடி அமைந்திருந்தது. இன்று நம் தளியிலும் ஓசூரைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ரோஜா பயிரிட்டுக் கடல்கடந்து அனுப்பும் நம் மக்களுக்கு, ஒரு காலத்தில் அம்மலர் ஆட்சியின் அடையாளமாய் இந்திய மன்னர் கழுத்தில் ஏறியிருந்த செய்தி புதுமையாய்த் தோன்றும்.

மன்னர்கள் யாவரும் இதனை முழுமனத்தோடு ஏற்றார்கள் என்று எண்ணுதல் தவறு. ஹைதராபாத் நிஜாமின் மந்திரியாயிருந்த சர் சாலர் ஜங், மூதாதையர் உடையை விட்டு வேற்றுடை தரித்தல் தம் நாட்டு வழக்கத்திற்கு மாறானதென்றும், பட்டும் வெல்வெட்டுமான அங்கி இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாதென்றும் துரைத்தனத்தாருக்கு எடுத்துக்காட்டினார். உயிருள்ளோர் உருவம் பொறித்த பதக்கத்தை உடலில் அணிவதற்கும் தடை சொல்லப்பட்டது. இவற்றினும் ஆழ்ந்த மனக்குறை மற்றொன்று. முகலாயப் பேரரசர் காலத்தில் ஒருவர்க்கு அளித்த கில்லத்து என்னும் மரியாதை ஆடை அவர் வமிசத்தின் சொத்து. அது பொக்கிஷ அறையில் வைத்துக் காக்கப்பட்டு, விழாநாளில் வெளியே எடுக்கப்பட்டு, மகனுக்கும் பேரனுக்கும் வழிவழியாகச் சேரும். நட்சத்திர விருதின் பொன்னாரமோ அத்தகையதன்று. பெற்றவர் இறந்ததும் வாரிசுகள் அதனைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது சட்டம். அவ்வாறு திருப்புவதாகப் பெறுபவரிடம் ஒப்பந்தச் சீட்டும் கையெழுத்து வாங்கினர். ராஜவிசுவாசம் குன்றியதாகத் தோன்றினால் விருதை உயிரோடிருக்கும்போதே பறிக்கவும் விதியிருந்தது.

இதன் உட்கருத்தை ஆராய்ந்தால் ஒன்று புலனாகும். நம் முறைப்படி கொடை என்பது கொடுத்தவர் கையைவிட்டு நீங்கிப் பெற்றவர் குடிக்கு உரியதாகிவிடும். இங்கேயோ கொடுத்தவர் கை நாடாவின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டேயிருந்தது. மார்பில் மின்னிய நட்சத்திரம் இரவற் பொருள்.

1878-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய சாம்ராஜ்ய விருது என்னும் இரண்டாவது விருது ஏற்பட்டது. விக்டோரியா, சக்கரவர்த்தினி என்ற பெயர் சூடியதன் நினைவாக வந்தது இது. ஊதா நாடாவும், ஐந்திதழ்ச் செந்நிற ரோஜாப் பதக்கமும் உடையது. ஆதியில் ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்தாக 'இந்தியா' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தனர். பின்னர் அது நீக்கப்பட்டது. இதன் பொன்னாரத்தில் யானையும் மயிலும் ரோஜாவும் இடம்பெற்றன. ஜவளகிரிக் காட்டினின்றும் இறங்கி நம் கேழ்வரகுக் கொல்லைகளை அழிக்கும் யானையை நன்கறிந்த தளி வட்டத்தார், அதனைப் பொற்சங்கிலியில் ஒரு கண்ணியாகக் கட்டிவைத்த சாதுரியத்தை எண்ணிப் புன்னகை செய்யலாம்.

இவ்விரண்டும் மேற்படிகள். கீழ்ப்படிகளில் திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் முதலிய பட்டங்கள் நின்றன. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், இப்பட்டங்களுக்கும் மூன்று வகுப்பாகப் பதக்கங்களை ஏற்படுத்தினார். இவ்வாறு மகாராஜா முதல் மிராசுதார் வரை ஒரே ஏணியில் நிறுத்தப்பட்டனர். ஏணியில் நின்றவன் மேற்படியை நோக்கினானேயன்றி, ஏணியைச் சார்த்தியவன் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. நம்முடையவற்றைப் போன்ற குலச் சங்கங்களும் அக்காலத்தில் இம்மயக்கிற்கு விலக்காக நிற்கவில்லை. பட்டதாரிகளைத் தலைமை வகிக்க அழைப்பதும், புத்தாண்டு தினத்துப் பட்டியலில் தம்மவர் பெயர் உண்டா என்று தேடுவதும், உண்டாயின் வாழ்த்துத் தீர்மானம் நிறைவேற்றுவதும் வழக்கமாயிருந்தன.

பட்டம் பெற்றோர் யாவரையும் இகழ்வது நம் நோக்கமன்று. நமக்கு அண்மையதான மைசூர் ராஜ்யத்தில் 1883 முதல் 1901 வரை திவானாயிருந்தவர் சேஷாத்திரி ஐயர். 1893-இல் அவர்க்கு கே.சி.எஸ்.ஐ. விருது கிடைத்தது. இன்று பெங்களூர் செல்லும் நம் இளைஞர்களில் அவ்விருதை அறிந்தவர் எத்துணைப் பேர்? ஆனால் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியினின்றும் மின்சாரம் எடுத்துக் கோலார்த் தங்கச் சுரங்கத்திற்கு அனுப்பும் ஏற்பாடு அவர் காலத்தில் தொடங்கியது. 1902-இல் அது நிறைவெய்தியபோது அவர் உயிரோடில்லை. 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்ததும் அவ்வாற்றலாலேயே. நட்சத்திரம் மறைந்தது, விளக்கு நின்றது.

இனி, இரவற் பொருளைக் காலன் வருமுன்னரே துறந்த தமிழர் ஒருவரைப் பற்றிக் கூறுவேன். மதுரையில் 1842-ஆம் ஆண்டு பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், மக்களால் மணி ஐயர் என்று அன்போடு அழைக்கப்பெற்றவர். 1895-இல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாகி, 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் அமர்ந்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. திவான் பகதூர் பட்டமும் கே.சி.ஐ.இ. விருதும் அவரை நாடி வந்தன. பின்னாளில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு சுயாட்சி இயக்கத்திற் கலந்துகொண்டார். 1917 ஜூன் மாதத்தில் துரைத்தனத்தார் அம்மையாரைக் காவலில் வைத்தனர். அதே மாதத்தில் எழுபத்து நான்கு வயதினரான அம்முதியவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். இந்தியாவுக்குச் சுயாட்சி கிடைக்க உதவவேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் அக்கடிதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் விவாதத்திற்கு வந்தது. இந்தியா மந்திரி மாண்டேகு அதனைக் கடுமொழியாற் கண்டித்தார். பட்டம் தாங்கியவர் இவ்வாறு எழுதலாமோ என்ற வினா எழுந்தது. ஐயர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றாரில்லை. பட்டத்தையே திரும்பத் தந்துவிட்டார். சர் என்பதும் திவான் பகதூர் என்பதும் அன்றே அவர் பெயரினின்றும் உதிர்ந்தன. 1924-இல் மறையும்வரை அவர் வெறும் மணி ஐயராகவே வாழ்ந்தார். அதனால் அவர் பெருமை ஓர் இம்மியும் குறைந்ததில்லை.

அவர் வழியே பிறரும் வந்தனர். ஜாலியன்வாலாபாக் கொடுமையை எதிர்த்து 1919-இல் கவி ரவீந்திரநாதர் தம் சர் பட்டத்தைத் துறந்தார். 1920 ஆகஸ்டு முதல் நாளில் காந்தியடிகள் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கத்தையும், தென்னாப்பிரிக்காவில் பெற்ற போர்ப் பதக்கங்களையும் ராஜப்பிரதிநிதிக்குத் திருப்பியனுப்பினார். பட்டங்களைத் துறத்தல் ஒத்துழையாமைத் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. அவ்வியக்கத்திற்காக வழக்கறிஞர் தொழிலை விட்டுச் சிறை புகுந்தவர்களுள் நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு, கிராம முன்சீப்பின் மகனாகத் தோன்றிய ராஜகோபாலாச்சாரியாரும் ஒருவர்.

1947-இல் நாடு விடுதலை பெற்றபின் இவ்விருதுகள் வழங்குதல் நின்றது. நட்சத்திர விருதின் தலைமைப் பீடத்தை வகித்தவர்களுள் இறுதியானவர் மவுண்ட்பேட்டன் பிரபு. 1948 ஜூன் 21-ஆம் நாள் அவர் எழுந்த கவர்னர் ஜெனரல் ஆசனத்தில் அமர்ந்தவர் நம் தொரப்பள்ளியார். அவர் மேனியில் நட்சத்திரமும் இல்லை, நீல நாடாவும் இல்லை, கதராடையே இருந்தது. எண்பத்தேழு ஆண்டு நடந்த நட்சத்திர வரலாற்றின் முடிவு இதனினும் சிறப்பாக அமைதல் அரிது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறையும் கல்வித்துறையும் சார்ந்த சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கலாகாதென விலக்கிற்று. 1954-இல் பாரத ரத்னா விருது தோன்றியது. அதனை முதன்முதற் பெற்ற மூவருள் ராஜாஜியும் ஒருவர். மற்றிருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் சி. வி. ராமனும் ஆவர். அது பட்டமன்று, பாராட்டு மட்டுமே. பெயரின் முன்னும் பின்னும் அதனை ஒட்டிக்கொள்ளலாகாதென 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிரிட்டனிலும் 1902-இல் ஏற்பட்ட 'ஆர்டர் ஆப் மெரிட்' சர் என்னும் அடைமொழியைத் தருவதன்று. உயிரோடிருப்போர் இருபத்து நால்வர்க்கு மேல் அதில் இடமில்லை. திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணன் 1963-இல் கௌரவ உறுப்பினராக அதனைப் பெற்றார். சிதம்பரத்திற் பிறந்த விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2022-இல் பெற்றார். அடைமொழி தாராத விருதே இன்று அங்கும் தலைசிறந்ததாக மதிக்கப்படுகிறது.

அன்பர்களே! இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளவேண்டியது யாது? வீட்டுச் சுவரிலுள்ள முன்னோர் படத்தைக் கழற்றவேண்டுவதில்லை. அதன் அடியில் இன்னொரு வரி சேர்க்கவேண்டும். அவர் வெட்டுவித்த கிணறோ, ஏரிக்கரைக்கு இறைத்த பொருளோ, பஞ்சகாலத்தில் வார்த்த கூழோ, கட்டிய பள்ளியோ எதுவாயினும், வீட்டில் முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கேட்டும் ஒன்றும் கிடைக்கவில்லையாயின், அப்பட்டத்தின் விலை அவ்வளவே என்று உணர்ந்துகொள்வோம். நம் சங்கத்து ஆண்டு விழாவிலும் பொன்னாடை போர்த்துமுன், நன்கொடைச் சீட்டின் தொகையை மட்டும் நோக்காது, "இவர் ஊருக்கு என்ன செய்தார்?" என்று ஒருமுறை கேட்போமாக. மலையோரச் சிற்றூரில் முப்பது ஆண்டு எழுத்தறிவித்த ஆசிரியரும், இரவு பகல் பாராது பிரசவம் பார்த்த தாதியும் அவ்வினாவுக்கு விடை சொல்லத் தகுதியுடையோர். அவர்களுக்கு நாம் போர்த்தும் நூலாடையைத் திருப்பிக் கேட்க எந்த ஒப்பந்தச் சீட்டும் இராது. அது அவர் பேரப்பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும். ஏன் கிடைத்தது என்பதும் அவர்கள் நெஞ்சில் இருக்கும்.