குரோசான்
குரோசான் என்பது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த கோதுமை மாவையும் வெண்ணெயையும் பல அடுக்குகளாக மடித்து, சுருட்டி, சூட்டடுப்பில் வெதுப்பிச் செய்யப்படும் உணவாகும். இது பிரான்சின் காலை உணவுக்கு அடையாளமாகக் கருதப்பட்டாலும், இதன் மூலவடிவம் ஆசுத்திரியாவிலிருந்து வந்தது.

பெயர்
குரோசான் என்னும் பிரெஞ்சுச் சொல் 'வளர்தல்' என்னும் பொருள்தரும் வினையிலிருந்து தோன்றியது. தமிழின் வளர்பிறை என்னும் சொல் இதற்கு மிகவும் பொருத்தமாகும்.

வரலாறு
கிப்பெர்ல் எனப்படும் பிறை வடிவ ரொட்டி ஆசுத்திரியாவில் பல நூற்றாண்டுகளாக உண்ணப்பட்டு வருகிறது. ஆசுத்திரியப் பீரங்கிப்படையில் அதிகாரியாக இருந்த ஆகுசுட்டு சாங் என்பவர் 1830களின் இறுதியில் பாரிசு நகரின் ரிசெலியே தெருவில் வியன்னா முறை வெதுப்பகம் ஒன்றைத் திறந்தார். அங்கு விற்கப்பட்ட கிப்பெர்லைப் பாரிசின் பிற வெதுப்பகங்களும் பின்பற்றின. இவ்வகை உணவுகளைப் பிரெஞ்சு மொழியில் 'வியன்னுவாசெரி', அதாவது வியன்னாப் பண்டங்கள், என்று இன்றும் அழைக்கின்றனர். சாங் பின்னர் வியன்னா திரும்பி, 1848இல் 'டீ பிரெசே' என்னும் நாளிதழைத் தொடங்கினார்.

கிப்பெர்ல் சாதாரண ரொட்டி மாவை ஒத்த மாவினால் ஆனது. அடுக்கடுக்காகப் பிரியும் இன்றைய குரோசானுக்கான செய்முறைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் வெளிவந்தன.

கதைகள்
1683இல் உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, நிலத்தடியில் சுரங்கம் தோண்டும் ஓசையை இரவில் வேலைசெய்த ரொட்டி சுடுவோர் கேட்டு எச்சரித்தனர் என்றும், வெற்றியின் நினைவாக உதுமானியக் கொடியின் பிறை வடிவில் ரொட்டி செய்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1770இல் பிரான்சுக்கு மணமாகி வந்த ஆசுத்திரிய இளவரசி மரீ அந்துவானெத்து இதனை அறிமுகப்படுத்தினார் என்பது மற்றொரு கதை. இவற்றுக்கு அக்காலச் சான்றுகள் கிடைக்கவில்லை. முற்றுகைக்கு மிக முன்னரே கிப்பெர்ல் வழக்கில் இருந்தது.

செய்முறை
குளிரூட்டிய மாவுத் தகட்டின் நடுவே வெண்ணெய்த் தகட்டை வைத்து மூடி, உருட்டித் தேய்த்து மூன்றாக மடிப்பர். இவ்வாறு மூன்று முறை மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகும். வெண்ணெய் உருகி மாவுடன் கலந்தால் அடுக்குகள் கெடும் என்பதால் இடையிடையே மாவைக் குளிரவைக்க வேண்டும். பின்னர் முக்கோணங்களாக வெட்டிச் சுருட்டி, பொங்கவிட்டு வெதுப்புவர். வெப்பத்தில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கிறது.

பிரான்சில் வெண்ணெய்க் குரோசானை நேராகவும், மார்கரின் சேர்த்ததை வளைவாகவும் செய்யும் வழக்கம் உண்டு. இதனால் வெண்ணெய்க் குரோசான் பெரும்பாலும் பிறை வடிவில் இருப்பதில்லை.

காலை உணவில்
பிரெஞ்சு வீடுகளில் அன்றாடக் காலை உணவு பெரும்பாலும் வெண்ணெயும் பழப்பாகும் தடவிய ரொட்டியே. குரோசான் பலருக்கு வார இறுதியில் வாங்கும் பண்டமாகும். இதனைப் பால் கலந்த காப்பியில் தோய்த்து உண்பதும் உண்டு. இத்தாலியில் இதற்கு இணையான கொர்னெத்தோ முட்டையும் கூடுதல் சர்க்கரையும் சேர்ந்தது. அதனைக் காப்பிக் கடைகளில் நின்றபடியே கப்புச்சினோவுடன் உண்பர்.

தற்கால நிலை
பிரான்சின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவு பிசைவது முதல் சுடுவது வரை ரொட்டியைத் தாமே செய்து விற்போர் மட்டுமே தம் கடையை வெதுப்பகம் என அழைக்கலாம். இவ்விதி குரோசானுக்குப் பொருந்தாது. ஆகவே, தொழிற்சாலையில் உறையவைத்த குரோசானை வாங்கிச் சுட்டு விற்கும் வெதுப்பகங்களும் அங்கு உள்ளன.