இமாலயத் தவறு



“இமாலயத் தவறு” என்னும் தொடரை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அரசியல் மேடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் எதிர்த் தரப்பாரைச் சாடும்பொழுது இத்தொடர் தவறாமல் வந்து நிற்கும். பிறர் பிழையை மலையளவாக்கிக் காட்டுதற்கு இதனினும் வாய்ப்பான சொல் இல்லையென்று நாம் கருதுகின்றோம் போலும். ஆயின், இத்தொடரை உலகறியச் செய்தவர் அதனைப் பிறர்மீது எறிந்தாரல்லர்; தம் தோள்மீதே சுமத்திக்கொண்டார். அவர் மகாத்மா காந்தியடிகள். அச்சொல் பிறந்த வரலாறும், அதன்பின் அவர் நடந்துகொண்ட முறையும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கன.

1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், விசாரணையின்றி மக்களைச் சிறையிலிட வழிவகுத்த ரௌலட் சட்டத்தை இந்தியாவின் ஆங்கிலேய அரசாங்கம் நிறைவேற்றியது. அதனை எதிர்த்து ஏப்பிரல் 6ஆந் திகதி நாடெங்கும் கடையடைத்து உண்ணாநோன்பு இருக்குமாறு காந்தியடிகள் அழைத்தார். அழைப்பைக் கேட்டு நாடே எழுந்தது. சில நாள்களுள், பஞ்சாபை நோக்கிச் சென்ற அவரைப் பல்வல் என்னும் ஊரில் தடுத்து நிறுத்திப் பம்பாய்க்குத் திருப்பி அனுப்பினர். அவர் கைதானார் என்ற செய்தி பரவியதும் அகமதாபாத்திலும் வீரம்காமிலும் மக்கள் வெறிகொண்டு எழுந்தனர். கட்டடங்கள் எரிந்தன, உயிர்களும் மாண்டன. அகிம்சையின் பெயரால் தொடங்கிய இயக்கம், அவருடைய சொந்தக் குஜராத்திலேயே இரத்தக்கறை பூண்டது.

அவ்வேளை அவருக்குச் சாக்குகள் இல்லாமலில்லை. அரசாங்கத்தின் அடக்குமுறையைக் காட்டித் தப்பியிருக்கலாம். ஏப்பிரல் 13ஆந் திகதி அமிருதசரசில், ஜாலியன்வாலா பாக்கிலே நிகழ்ந்த கொலையின்முன் எந்தக் கலகமும் சிறிதே. அரசாங்கக் கணக்கின்படியே அங்கு மாண்டவர் 379 பேர். எனினும், பிறர் குற்றம் பெரிதாயிருத்தல் தம் குற்றத்தை இல்லையாக்கிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். ஏப்பிரல் 18ஆந் திகதி சட்டமறுப்பை நிறுத்தினார். நடியாத் நகரிற் கூடிய மக்கள்முன், தாம் செய்தது இமயமலை போன்ற பிழை என்று கூறினார். அதைக் கேட்டு நகைத்தவர் பலர்.

அப்பிழைதான் யாது? வருந்துவதோடு நில்லாமல், அதனைத் துருவிக் கண்டறிந்தமையே அவர் பெருமை. சட்டத்தை அச்சத்தினாலன்றி மனமுவந்து பேணிப் பழகியவனே, தீய சட்டத்தை மீறும் உரிமையைப் பெறுகின்றான். அப்பழக்கம் வேரூன்றுமுன் மக்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தமையே தம் பிழை என்று அவர் தெளிந்தார்.

ஒருமுறை கற்ற பாடம் ஒருமுறையிலேயே முற்றிவிடுவதில்லை. 1922ஆம் ஆண்டு பெப்புருவரி 4ஆந் திகதி, சௌரி சௌராவில் பொலிசார் சுட்டதனாற் சினங்கொண்ட கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குத் தீயிட்டது. இருபதுக்கு மேற்பட்ட பொலிசார் மாண்டனர். பர்தோலியிலே தொடங்கவிருந்த சட்டமறுப்பைக் காந்தியடிகள் மீண்டும் நிறுத்தினார். சிறையிலிருந்த ஜவகர்லால் நேரு, லஜபதிராய் போன்றோர் மனம் நொந்தனர். எங்கோ ஒரு சிற்றூரார் செய்த பிழைக்காக ஒரு தேசத்தின் போராட்டத்தையே நிறுத்துவதா என்ற அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் நீதிமன்றில் நின்றபொழுது, சௌரி சௌராவின் பழியையும் தம்முடையதென ஏற்றுக்கொண்டு, ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் காந்தியடிகள்.

இனி 1930ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச்சு 12ஆந் திகதி உப்புச் சட்டத்தை மீறச் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்குப் புறப்பட்டபொழுது, அவர் தேசம் முழுவதையும் உடனே அழைத்தாரல்லர். ஆசிரம ஒழுக்கத்திற் பழகிய 78 தொண்டர்களையே உடனழைத்து நடந்தார். பழகியவர் முன்னே, மற்றையோர் பின்னே என்னும் அந்த ஒழுங்கில் 1919ஆம் ஆண்டின் பாடம் இருந்தது. நம் வடகரைக்கு எதிரேயுள்ள வேதாரணியத்துக்கு இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டரோடு நடந்து சென்றதும் அவ்வாண்டு ஏப்பிரலிலேதான். சௌரி சௌராவின் பாடமும் வீண்போகவில்லை. எங்கோ ஓரிடத்தில் வன்செயல் நிகழ்ந்தாலும் இம்முறை இயக்கம் நில்லாது என்பதே அவர் முடிவாயிருந்தது.

மே மாதத்தில் அவர் கைதானார். நாடெங்கும் அமைதி நிலவியதென்று சொல்லல் இயலாது. சோலாப்பூரில் கலகம் மூண்டது. ஆயினும், தராசனா உப்பளத்தின்முன் அணியணியாகச் சென்ற தொண்டர்கள், தலைமீது தடியடி விழுந்தபொழுதும் கையுயர்த்தவில்லை. 1919இல் அவர் கைதானார் என்று கேட்டதும் தீமூட்டினர் மக்கள். 1930இல் அவர் சிறையிலிருக்கும்பொழுதே அடி தாங்கி நின்றனர் தொண்டர்கள். இடையிற் சென்றவை பதினோராண்டுகள். பிழையை ஒப்புக்கொள்ள ஒரு நாட் போதும். அதிலிருந்து கற்பதற்கு அத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

பெரியோர் வரலாற்றைச் சொன்னபின், சிறியேன் வரலாறு ஒன்றையும் சொல்லுதல் முறையாகும். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், தவணைப் பரீட்சையிலே என் வகுப்பு மாணவர் பலர் ஒரே வினாவிற் பிழைவிட்டனர். ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியது 1658 என்றும், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1656 என்றும் மாற்றி எழுதியிருந்தனர். “கவனயீனம்” என்று சிவப்பு மையினால் எழுதி, வகுப்பிற் கடிந்தும் கொண்டேன். அன்று மாலை ஐயம் ஒன்று எழுந்தது. கவனயீனமாயின் ஒவ்வொருவரும் வெவ்வேறு பிழையன்றோ விட்டிருப்பர்? மாணவர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நான் சொல்லி எழுதுவித்ததே அப்படித்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் அதனைச் சொல்லுதற்கு முன் என் நா உலர்ந்தது உண்மை. சொன்னேன், புள்ளிகளையும் திருத்தினேன். பிள்ளைகள் நகைக்கவில்லை. அதன்பின், ஐயங்களைக் கேட்க அஞ்சியிருந்த மாணவர் சிலரும் கையுயர்த்தத் தொடங்கினர். அன்று முதல், சொல்லி எழுதுவிக்கும் குறிப்பை முதனாளே நூலோடு ஒப்புநோக்காமல் நான் வகுப்புக்குட் சென்றதில்லை.

நேயர்களே, பிழை நேர்ந்துழி, “யார் செய்தது?” என்று கேட்பதற்கு நாம் விரைகின்றோம். அதற்கு முன், “இதில் என் பங்கு யாது?” என்று கேட்போமாக. விடை கிடைத்ததும், நாளை எதனை வேறு விதமாகச் செய்வோம் என்று குறித்துவைப்போமாக. அடுத்த முறை “இமாலயத் தவறு” என்னும் சொல் நம் நாவில் எழும்போது, அது முதலில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை நினைவுகூர்தல் நன்று.