ராச்சகுன்னேரியிலிருந்து காலி வரை

திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு ராச்சகுன்னேரி தெரிந்திருக்கும். ரேணிகுண்டா தாண்டி வரும் அந்த இரும்புக் குழாய் ஃபேக்டரி எங்கள் சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு 'லேன்கோ ஃபேக்டரி'. (2022-லிருந்து அது திருப்பதி மாவட்டம். பழக்கம் விடவில்லை.)

நான் இருக்கும் பெர்த்துக்குத் தெற்கே சுமார் 200 கி.மீ. தூரத்தில் காலி என்று ஒரு நிலக்கரி ஊர் இருக்கிறது. பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த இரண்டு ஊரையும் இணைப்பது லேன்கோ என்ற பெயர்.

ராச்சகுன்னேரி ஃபேக்டரியை லகடபாட்டி குடும்பம் 1990-களில் தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் எலெக்ட்ரோஸ்டீல் உள்ளே வந்தது. 2014-ல் கம்பெனியின் பெயர் ஸ்ரீகாளஹஸ்தி பைப்ஸ் ஆனது. லேன்கோ குழுமம் அதற்குள் மின்சாரம், சாலை என்று பெரிய இடத்துக்குப் போயிருந்தது. 2011-ல் லேன்கோ இன்ஃப்ராடெக், காலியில் இருந்த கிரிஃபின் நிலக்கரிச் சுரங்கத்தைச் சுமார் 75 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. கிரிஃபினே 2010-ல் திவாலாகி அட்மினிஸ்ட்ரேட்டர் கையில் இருந்த கம்பெனி என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் இறங்குமுகம். கொண்டபல்லி மின்நிலையத்துக்கு எரிவாயு கிடைக்கவில்லை. உடுப்பி மின்நிலையத்தை அதானியிடம் விற்றார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை.

இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். இந்தியாவில் முன்பெல்லாம் ஒரு தொழிற்சாலை நொடித்தால் 1985-ம் வருடச் சட்டப்படி பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியத்துக்குப் போகும். போய்விட்டால் கடன் கொடுத்தவர் அனுமதியில்லாமல் வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. வருடங்கள் ஓடும், இயந்திரம் துருப்பிடிக்கும், முதலாளி மட்டும் அதே நாற்காலியில் இருப்பார். வங்கிக்காரர்களுக்கு அந்த வாரியத்தின் பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

2016-ம் வருடத் திவால் சட்டம் நாற்காலியைப் பறித்தது. வழக்கு ஏற்கப்பட்ட நாளே இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுவிடும். நிர்வாகம் ஒரு தொழில்முறை நிபுணரிடம் போகும். கம்பெனியை யாருக்குக் கொடுப்பது என்று கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். குறித்த காலத்துக்குள் முடியாவிட்டால் கலைப்பு.

2017 ஜூனில் ரிசர்வ் வங்கி 12 பெரிய கடன் கணக்குகளை இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்னது. அதில் ஒன்று லேன்கோ இன்ஃப்ராடெக். இன்னொன்று, எலெக்ட்ரோஸ்டீல் குழுமம் பொகாரோ அருகே தொடங்கிய எலெக்ட்ரோஸ்டீல் ஸ்டீல்ஸ். ஒரே ஃபேக்டரியின் பழைய முதலாளி, புதிய முதலாளி இருவர் வீட்டிலும் ஒரே நேரத்தில் இழவு!

முடிவு வேறுவேறு. பொகாரோ ஆலையை 2018-ல் வேதாந்தா எடுத்தது. நிதிக்கடன் கொடுத்தவர்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட 13,175 கோடி ரூபாயில் 5,320 கோடி கிடைத்தது, அதாவது ரூபாய்க்கு 40 பைசா. லேன்கோவின் கடன் 40,000 கோடிக்கு மேல். சேலத்து திரிவேணி எர்த்மூவர்ஸ் கேட்டுப் பார்த்தது. வங்கிகள் மறுத்துவிட்டன. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத் தீர்ப்பாயம் கலைப்புக்கு உத்தரவிட்டது. ராச்சகுன்னேரி தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பியது.

வங்கிகளின் கதை இதோடு முடிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கதைதான் எனக்கு உறுத்துகிறது. கலைப்பில் முதலில் செலவுகள். பிறகு தொழிலாளியின் 24 மாத பாக்கியும் அடமானக் கடனும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. சரக்கு கொடுத்த சப்ளையர் இன்னும் கீழே. பங்குதாரர் கடைசி. லேன்கோ ஊழியர்களின் கிராஜுவிட்டி வழக்கில் 2020-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது இது: கம்பெனி அதற்கெனத் தனி நிதி வைத்திருக்காவிட்டால், லிக்விடேட்டர் மற்ற சொத்திலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரோஸ்டீலுக்கு வேலை செய்த ஒரு சிறு நிறுவனம் பாக்கிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. மீட்புத் திட்டம் அந்த வகைக் கடனுக்கு பூஜ்யம் என்று ஒப்புதல் பெற்றுவிட்டதால் அந்த பாக்கி அழிந்தது என்று 2025-ல் தீர்ப்பு. லிக்விடேட்டரைத் திட்டிப் பயனில்லை. வரிசையைப் போட்டது சட்டம், அவர் அதன்படி பணத்தை எண்ணுகிறவர்.

காலியில் என்ன ஆயிற்று? 2022-ல் ஐசிஐசிஐ வங்கி கிரிஃபினுக்கு ரிசீவரை நியமித்தது. சுரங்கம் நின்றால் ஊரே நிற்கும் என்று மாநில அரசு பணம் கொடுத்துத் தாங்கியது.

இங்கே சட்டம் இரண்டு விஷயத்தில் கறாரானது. கடனைத் தீர்க்க முடியாது என்று தெரிந்தும் மேலும் கடன் வாங்கி வியாபாரம் நடத்தினால், இயக்குநர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டி வரலாம். கம்பெனி மூழ்கினால், ஊழியரின் சம்பள பாக்கியை ஒரு வரம்பு வரை மத்திய அரசு கொடுத்துவிட்டு, அவருக்குப் பதில் தான் வரிசையில் நிற்கும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அந்த உதவி குடிமக்கள், நிரந்தர விசாக்காரர்கள், நியூஸிலாந்துக்காரர்களின் சிறப்பு விசா ஆகியோருக்குத்தான். தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. சூப்பர் பாக்கி யாருக்குமே அதில் வராது. ஆகவே சம்பளம் ஒரு மாதம் தள்ளினால் "முதலாளி நல்லவர்" என்று காத்திருக்காதீர்கள். சூப்பர் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதலாளி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கம்பெனி விழுந்த அன்று நாற்காலியில் இருக்கப்போவது அவரல்ல.