நிறுவன வலையமைப்பில் மைய மேலாண்மை: வரலாறும் கூடங்குளம் நிகழ்வும்

ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகள், அனுமதிகள், கணினிகளின் விவரங்கள் ஆகியவற்றை ஒரே வழங்கியில் வைத்து நிர்வகிப்பதே மைய மேலாண்மை. அந்த வழங்கிக்கு ‘டொமைன் கன்ட்ரோலர்’ என்று பெயர். குன்னத்தூரில் பத்துக் கணினிகள் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். மைய வழங்கி இல்லாவிட்டால், கணக்கர் வேலையை விட்டுச் சென்றதும் பத்துக் கணினிகளிலும் அவர் கணக்கை நீக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கதவு திறந்தே கிடக்கும். மைய வழங்கி இருந்தால் ஓரிடத்தில் முடக்கினால் போதும்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் 1983 இல் அதீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தின் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் மாணவர் தம் கணக்கில் நுழைய முடிய வேண்டும் என்ற தேவை எழுந்தது. அதிலிருந்து பிறந்ததே கெர்பரோஸ் என்னும் நெறிமுறை. இதில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதில்லை. குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் மின்னணுச் சீட்டை வழங்கி தருகிறது.

பயனர் விவரங்களைத் தேடிப் பெற உதவும் எல்டாப் நெறிமுறை 1993 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இவ்விரண்டையும் பயன்படுத்தும் ஆக்டிவ் டைரக்டரியை, விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசாப்ட் 2000 பிப்ரவரியில் வெளியிட்டது. 2012 டிசம்பரில் வந்த சம்பா 4, அதே பணியைக் கட்டற்ற மென்பொருளாகச் செய்தது.

கூடங்குளம், 2019

எல்லாச் சாவிகளும் ஒரே இடத்தில் இருப்பது வசதி. அதுவே ஆபத்தும் கூட. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டொமைன் கன்ட்ரோலர் அளவிலான அணுக்கம் அயலார் கைக்குப் போய்விட்டதாக, இணையப் பாதுகாப்பு வல்லுநர் புக்ராஜ் சிங் 2019 அக்டோபரில் கூறினார். அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் தாக்குதல் நிகழவில்லை என மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பிலுள்ள ஒரு பயனரின் கணினி என்றும், உலை சார்ந்த அமைப்புகள் தனித்து இருப்பதால் பாதிப்பில்லை என்றும் கழகம் விளக்கியது. அந்தத் தீநிரல் டி-டிராக் வகையைச் சேர்ந்தது என ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர்.

கற்க வேண்டியவை

முக்கிய இயந்திரங்களை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்ததே அங்கு காப்பாக நின்றது. சிறு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நிர்வாகிக் கணக்கைக் கொண்டு மின்னஞ்சல் பார்க்கக் கூடாது. மைய வழங்கியில் இணைய உலாவல் கூடாது. அதன் காப்புநகலை வலையமைப்புக்கு வெளியே வைக்க வேண்டும். சாவிக்கொத்து ஒன்றாக இருந்தால், அதைக் காக்கும் பொறுப்பு பன்மடங்காகிறது.